படங்குக்கு வெளியே நின்றவர்

இன்று காலை கண்டிப் பக்கம் மடுல்கெல்லையில் ஒரு நண்பர் வீட்டுக்கு, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன்.

"குளவி கலைஞ்சிருச்சு! ஓடுங்க!"

கொழுந்து பறித்தவர்கள் கூடைகளை வீசிவிட்டு ஓடினார்கள். எனக்குக் கால் எழவில்லை. தலைக்கு மேல் ஒரே இரைச்சல்.

ஓடியவர்களில் ஒரு பெண் திரும்பி வந்தார். மழைக்கும் செடிக்கும் காப்பாக இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்கை அவிழ்த்து என்மேல் போட்டு, கீழே அமுக்கினார்.

உள்ளே நான் என்ன செய்தேன் தெரியுமா? குளவி நுழையாதபடி படங்கின் ஓரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் வெளியே நின்றார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முகம் வீங்கி, அவருடைய ஒரு கண் மூடியிருந்தது. எனக்கு ஒரு கொட்டுக்கூட இல்லை.

"ஏன்க்கா திரும்பி வந்தீங்க? என்னை ஒங்களுக்குத் தெரியவே தெரியாதே!"

"யோசிச்சிருந்தா நானும் ஓடியிருப்பேன் தம்பி. ஒங்களுக்கு ஒன்னும் கொட்டலையே?"

கண்டிக்கு, என் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் த்ரீவீலர் இரைந்தாலும் தலையைக் கைகளால் மூடிக்கொள்கிறேன். ஆனால் குளவியைவிட, அந்த ஓரத்தை விடாமல் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.

நீங்கள் என்றால் அவரையும் உள்ளே இழுத்திருப்பீர்களா? தயவுசெய்து யோசிக்காமல் பதில் எழுதுங்கள்.