ஒற்றைச் சிவப்புக் காலுறை

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகருக்குத் தெற்கே உள்ள அந்தக் காட்டுக் குன்று சின்னதுதான், ஆனால் செங்குத்து. பனி இறுகிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்துக்குப் போடும் ஷூவோடு ஏறப் போய், பாதி வழியில் வழுக்கி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் "அம்மா" என்றதைக் கேட்டு, பின்னால் வந்த பெண்மணி "தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்துக் குரல். குள்ளமான, உறுதியான உடம்பு. பூட்ஸுக்கு மேலே பழைய சிவப்புக் கம்பளிக் காலுறைகளை மாட்டியிருந்தார்.

"மேல என்னக்கா இருக்கு?"

"ஒண்டுமில்லை. இருக்கிறதுக்கு ஒரு வாங்கு இருக்கு."

உச்சியில் அந்த பெஞ்சைப் பனி மூடியிருந்தது. தான் உட்காரும் அளவுக்கு மட்டும் கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். எப்போதும் தனியாக வருபவரின் பழக்கம். பிறகுதான் நான் நிற்பது நினைவுக்கு வந்து, "பொறுங்கோ" என்று பக்கத்திலும் துடைத்தார். மூடுபனியில் ஒன்றுமே தெரியவில்லை. அவருடைய ஃபிளாஸ்கிலிருந்த இஞ்சித் தேநீரைக் குடித்தபடி, அந்த ஒன்றுமில்லாததைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்கும்முன் ஒரு காலுறையைக் கழற்றி நீட்டினார்.

"சப்பாத்துக்கு மேலை போடுங்கோ. வழுக்காது."

"உங்களுக்கு?"

"ஒரு கால் பிடிச்சால் போதும். மற்றது பின்னாலை வரும்."

வந்தது. அடிவாரத்தில் பஸ்ஸைக் கண்டதும் அவர் ஓடிப்போய் ஏறிவிட்டார். காலுறை என்னிடமே தங்கிவிட்டது.

அடுத்த முறை பனி பெய்தபோது அதைத் துவைத்து எடுத்துக்கொண்டு ஏறினேன். உச்சியில் யாரும் இல்லை. பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் துடைத்திருந்தது.