சாலை உதவி முடிய மூன்று நாள்

கார் வாங்கி மூன்று வருடம் முடியப்போகிறது என்று எனக்கு ஞாபகப்படுத்தியது கம்பெனிக்காரர்கள்தான். வழியில் வண்டி நின்றுபோனால் ஆள் அனுப்பும் சாலை உதவித் திட்டத்தை வாங்கும்போது இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று தினமும் ஒரு செய்தி வந்தது. நடுநடுவே போனும் செய்தார்கள்.

"புது வண்டிக்கு எதுக்கு அது? மூணு வருஷத்துல ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கோமா?" என்றார் என் கணவர்.

கூப்பிட்டதில்லை. ஆனால் அவரிடம் சொல்லாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், காலையில் அம்பத்தூர் ஆபீசுக்குப் போகும்போது, ஆவடி தாண்டி ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று அணைந்துவிட்டது. சத்தமில்லை, புகையில்லை. ஸ்டியரிங் கல்லாக இறுகிப்போனது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்தார். சாவியைத் திருப்பினேன், ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பியது.

சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார்கள். "எந்தக் குறையும் காட்டலை மேடம். வண்டி நல்லா இருக்கு" என்றார் அங்கிருந்தவர். குறை இன்னதென்று சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். இந்த மாடல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். அதனாலேயே வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கணவரின் அம்மாவை, என் அத்தையை, டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். கோவில்பதாகையிலிருந்து பூந்தமல்லிக்குப் போய், காட்டிவிட்டுத் திரும்பும்போது மணி ஒன்றரை. கணவர் சிறுசேரியில் வேலையில் இருந்தார். அத்தை பின் சீட்டில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறி, கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. மறுபடியும் அதே மாதிரி அணைந்தது. இந்த முறை சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்றது, அவ்வளவுதான்.

வேகம் இருந்தவரை ஓரமாக உருட்டினேன். ஓரத்தில் யாரோ மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒதுங்க இடமில்லை. வண்டியின் பாதி, வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, ரோட்டிலேயே நின்றது.

சாலை உதவி எண்ணுக்குப் போட்டேன். இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்ததே என்று ஒரு நிம்மதி. எடுத்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். பின்கோடு கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இடத்தை போனில் அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன்.

"ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஆள் வந்துடுவாங்க மேடம். அதுவரைக்கும் உங்க பாதுகாப்புக்காக, வண்டியை லாக் பண்ணிட்டு உள்ளேயே உட்காந்திருங்க."

லாக் செய்துவிட்டு உட்கார்ந்தேன். மே மாத வெயில், ஏசி இல்லை. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தேன். ஒவ்வொரு கன்டெய்னர் லாரி கடக்கும்போதும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. முதலில் காற்று வந்து அடிக்கும், பிறகு சத்தம், பிறகு மண். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒவ்வொரு லாரியும் நேராக எங்களைப் பார்த்து வருவது போலவே இருக்கும். கடைசி நொடியில் விலகும்.

"ரொம்ப ஆட்டுதே தாயி" என்றார் அத்தை.

"இப்ப வந்துருவாங்க அத்தை."

அப்போது தடுப்புக் கம்பியைத் தாண்டி ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கைலி, தலையில் துண்டு. இடது பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னாம்மா, வண்டி நின்னுட்ச்சா? உள்ள குந்திகினு இருக்காதீங்க. எறங்கி அந்தாண்ட வாங்க."

"ஆள் வர்றாங்க. நீங்க போங்க" என்றேன். என் கை தானாக அத்தையின் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார். கம்பியைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

போனதும் பயம் குறையவில்லை, கூடியது. கணவருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அந்த ஆள் திரும்பி வந்தார். கூடவே இன்னொருவர். இரண்டு பேர் கையிலும் வெட்டிய வேப்பங்கிளைகள். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வண்டிக்குப் பின்னால் வெகு தூரம் நடந்து போய், கிளைகளை ரோட்டில் குறுக்காகப் போட்டு, மேலே கல் வைத்தார்கள். அதை முடித்துவிட்டுத்தான் வந்து மறுபடியும் தட்டினார்.

"நான் கீழ தர்பூசணி போட்டுகினு கீறேன்மா. தெனம் பாக்குறேன். லாரிக்காரன் ராவெல்லாம் ஓட்டிட்டு வரான், இந்த நேரத்துக்குக் கண்ணு சொருகும். போன மாசம் இதே எடம்தான். அவங்களும் உள்ளதான் குந்தினு இருந்தாங்க."

போனில் சொன்னது ஒன்று, இவர் சொல்வது ஒன்று. எனக்கு எதுவும் ஓடவில்லை. பின்னாலிருந்து அத்தை சொன்னார், "கதவத் தொற தாயி. கெட்டது நெனைக்கிறவன் எலையும் தழையும் வெட்டிக்கிட்டு வர மாட்டான்."

திறந்தேன். இடது பக்கமாக அத்தையை இறக்கினோம். காலை மடக்க முடியாதவரைக் கம்பிக்கு மேல் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. "ஆயா, என் தோள கெட்டியா புட்ச்சிக்கோ" என்று பழக்காரர் குனிந்தார். அத்தை வலியில் பல்லைக் கடித்தாரே தவிர, கத்தவில்லை. சரிவில் பழக்கடைத் தார்ப்பாய் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம்.

நான் தண்ணீர் பாட்டிலை எடுக்க மறுபடியும் மேலே ஏறினேன். "போவாதம்மா" என்று அவர் சொன்னதும், படபடவென்று கிளை நொறுங்கும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. ஒரு டேங்கர் லாரி கிளைகள் மேல் ஏறி நேராக வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் டிரைவருக்கு விழிப்பு வந்திருக்க வேண்டும். லாரி வலது பக்கம் வெட்டித் திரும்பியது. எங்கள் காரின் பக்கக் கண்ணாடி பிய்ந்து என் காலடியில், கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தது. லாரி நிற்கவில்லை.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அது கொதித்துக்கொண்டிருந்தது என்பது, சாயங்காலம் உள்ளங்கையில் கொப்புளம் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சாலை உதவிக்காரர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்தார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைத் தூக்கிக் கட்டினார். அவர் பங்கில் எந்தக் குறையும் இல்லை. பழக்காரரிடம் பணத்தை நீட்டினேன். "துட்ட உள்ள வைம்மா. பழம் வேணும்னா ஒன்னு எட்த்துகினு போ" என்றார். ஒரு பழம் வாங்கிக்கொண்டேன். அதற்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு வாரம் முன்னால் நடந்ததையும் சேர்த்து. கணவர் போனை எடுத்து, "இப்பவே ரினியூ பண்ணிடறேன்" என்றார். தயங்கியது நான்தான். அது வேண்டாம் என்றில்லை. அதைப் போட்டுவிட்டால் அவருக்கு மனசு ஆறிவிடும், அதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்று தோன்றியது.

"போடுங்க. ஆனா ஆள் வர்ற வரைக்கும் நாங்க எங்க நிக்கணும்னு அதுல எழுதியிருக்கான்னு பாருங்க" என்றேன்.

அவர் நிபந்தனைகளை முழுதாகப் படித்தார். டயர் மாற்றுவது, பெட்ரோல் கொண்டுவருவது, எத்தனை கிலோமீட்டர் வரை இழுத்துப் போவார்கள் என்பது எல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தோம்.

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. புதுக் கண்ணாடி மாட்டியாகிவிட்டது, வண்டி முதல் தடவையிலேயே கிளம்புகிறது, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தும் கம்ப்யூட்டரில் எதுவும் காட்டவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும் நாளில், நான் சாவியை எடுப்பதற்குள் அத்தை மெதுவாகப் படியிறங்கி, வாசலில் ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். நானும் போய் ஏறிக்கொண்டேன்.

ஆபீசுக்கு இப்போதும் அந்தக் காரில்தான் போகிறேன்.