கடல் பக்கத்து இருக்கை

டிப்போவில் அவருக்குப் பெயர் ‘சரிங்க’. மேலாளர் திட்டினாலும் சரிங்க, லீவைப் பிடுங்கினாலும் சரிங்க. கடற்கரை நெடுஞ்சாலையில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய அந்த மனுஷன், வீட்டில் மட்டும் மனைவியிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அவர் ஓட்டும் பஸ்ஸில், கடல் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தடவை போய்வர வேண்டும். கேட்டபோதெல்லாம், "டூட்டில குடும்பத்தை ஏத்தக் கூடாது, ரூல்" என்று வாயை அடைத்துவிடுவார். ஓய்வு பெறும் நாளில், கடைசி டிரிப்பில் மட்டும் டிரைவரின் மனைவிக்குக் கடல் பக்கத்தில் ஓர் இருக்கை ஒதுக்குவது டிப்போ வழக்கம். அந்த ஒரு நாளுக்காகவே அவள் காத்திருந்தாள்.

அந்த நாளும் வந்தது. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, இடது பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும் நேரத்தில் கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருவன் ஏறி, அவள் ஜன்னலில் ஒட்டியிருந்த ‘ஸ்டாஃப் குடும்பம்’ என்ற தாளைப் படித்துவிட்டு டிரைவரிடம் வந்தான்.

"கடலைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கேன்? ஸ்டாஃப் வீட்டு ஆளுங்க அந்தப் பக்கம் மாறி உட்காரக் கூடாதா?"

"இது என் வீட்டுக்காரி சீட்டு, வேற பாருங்க" என்று டிரைவர் சொல்லியிருந்தால் முடிந்தது. நாக்கு முந்திக்கொண்டது.

"சரிங்க." பிறகு மனைவியிடம், "அந்தப் பக்கம் மாறிக்கோ. திரும்பி வரும்போது கடல் அங்கதான் வரும்" என்றார்.

அவள் மாறினாள். இரண்டு மணி நேரமும், சாலைக்காக வெட்டிய பாறையும் பாசியும்தான் அவள் ஜன்னலில் ஓடின. எதிர்ப்பக்கம் பார்க்கலாமென்றால், நடுவில் நிற்கிற கூட்டம். கண்ணாடிக்காரனோ ஐந்தாவது வளைவிலேயே, வெயில் அடிக்கிறதென்று திரையை இழுத்துவிட்டுக் குறட்டை விட்டான். டிரைவர் அதைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டார். என்ன பிறவியோ!

திரும்பும் நேரத்தில் டிப்போவிலிருந்து போன் வந்தது. பாறை சரிந்து சாலை அடைபட்டிருக்கிறது, உள்வழியாக வரச் சொன்னார்கள். கிடங்குகளையும் மண்மேடுகளையும் பார்த்தபடி அவள் வந்து சேர்ந்தாள். டிப்போவில் எல்லோரும் கைதட்டி அவரை வழியனுப்பினார்கள்.

வீட்டுக்கு நடக்கையில், "நாளைக்கே டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போறேன், மனசுல வச்சுக்காத" என்றார்.

"கடல் எங்கயும் ஓடிடாதுங்க. எனக்காக ஒருத்தன்கிட்டயாவது முடியாதுன்னு சொல்வீங்களான்னு பார்த்தேன். இருபத்தாறு வருஷமா அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

மறுநாள் அவர் இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றார். அவள் வரவில்லை.