பவுல்சாமி வீட்டுப் புதுமை

சாந்தோமில் பக்திக்குப் பஞ்சமில்லை. மூளைதான் ரேஷனில் கிடைக்கிறது. இதைச் சொல்கிற நானும் ஞானஸ்நானம் பெற்றவள்தான், செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுத்திரி ஏற்றுகிறவள்தான். ஆனாலும் 1946 ஜூனில் எதிர்ப் போர்ஷனில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எதிர்ப் போர்ஷன்காரர் பவுல்சாமி. பட்டணத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அதிர்ந்து பேசத் தெரியாதவர். கறிகாய்க்காரி அழுகல் கத்தரிக்காய் போட்டால்கூட "சரிம்மா" என்று வாங்கிக்கொள்வார். மனைவி ஃப்ளோராவுக்குச் சின்ன வயசிலேயே பாரிச வாயு வந்து, கை, கால், பேச்சு எல்லாம் போயிற்று. கண் மட்டும் மிச்சம். அந்தக் கண்ணுக்கு ஏதாவது வேண்டுமே என்று கட்டிலுக்கு எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி செய்து வைத்தார். அடையாறு பக்கத்துக் குளத்திலிருந்து, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வெள்ளிக் கெண்டைகளைக் கொண்டுவந்து விட்டார்.

சாதுவான மீன்கள். ஒன்றையொன்று கடிக்காது. ஒன்று திரும்பினால் அத்தனையும் சேர்ந்து திரும்பும். அப்படித் திரும்பும்போது ஃப்ளோராவின் உதட்டோரம் லேசாக அசையும். அந்த அசைவைப் பார்க்கத்தான் அந்த மனிதர் ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமாக, தெருவிலுள்ள கிணற்றடியெல்லாம் போய் மீன்களுக்காகக் கொசுப்புழு வடிகட்டுவார்.

"இன்னா நைனா, ராத்திரிக்குப் புழு வறுவலா?" என்று குப்பத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டு வடிகட்டுவார். தொட்டித் தண்ணீரில் மட்டும் யாரையும் கை வைக்க விடமாட்டார்.

இதற்குள் மூக்கை நுழைத்தாள் டோரதி டீச்சர். எங்கள் செபக்கூட்டத்தின் தலைவி. மனிதர்கள் கேட்க மறுத்த பிரசங்கத்தை மீன்கள் தலை தூக்கிக் கேட்டன என்று அந்தோனியாரைப் பற்றி ஒரு கதை உண்டல்லவா? அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு, இந்த வருஷம் அவருடைய திருநாள் செபத்தை மீன்தொட்டி முன்னால்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பவுல்சாமி வழக்கம்போல "சரிம்மா" என்றார்.

திருநாளன்று நான் ராயபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பவுல்சாமிக்கு லீவு இல்லை. "ஃப்ளோராவை நான் பார்த்துக்கறேன்" என்று டீச்சரே பொறுப்பேற்றாள். பார்த்துக்கொண்ட லட்சணம் என்ன தெரியுமா? காலைப் பூசையில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த அந்தோனியார் ரொட்டியை, "மீனுக்கும் பங்கு வேணாமா?" என்று ஆளுக்கொரு துண்டாகத் தொட்டியில் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள். அரிசிக்கு ஜனம் வரிசையில் நின்று சாகிற காலம் அது!

சாயங்காலம் நானும் பவுல்சாமியும் ஒன்றாகத்தான் உள்ளே நுழைந்தோம். கடல்காற்றில் மெழுகுத்திரி அணையுமென்று ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார்கள். வியர்வையும் புகையும் ஊசின ரொட்டி நாற்றமும் அறையை அடைத்திருந்தன. தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீராக இருந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பார்த்தீங்களா பவுல்சாமி? தலையைத் தூக்கிக்கிட்டு செபம் சொல்லுதுங்க! புதுமை!" என்று கண்ணீர் விட்டாள் டீச்சர். அற்புதத்தை எங்கள் கோவிலில் புதுமை என்போம்.

"ஆமாம்மே, வாய் அசையுது பாரு!" என்றாள் குப்பத்துக்காரி ஒருத்தி.

அப்போதுதான் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஃப்ளோரா! பார்வை தொட்டியில் குத்திட்டு நிற்க, "ஆ... ஆ..." என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். அவை சாகின்றன என்பது அந்த அறையில் அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது.

"பேசறா! ஃப்ளோரா பேசறா!" என்று அத்தனை பேரும் தொப்பென்று முழங்காலில் விழுந்தார்கள். தொட்டிக்குப் போக இம்மி வழியில்லை.

"மூச்சு முட்டுதும்மா அதுங்களுக்கு! தண்ணி மாத்தணும், வழி விடுங்க!" பவுல்சாமி குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

டீச்சர் இரண்டு கையையும் விரித்துத் தொட்டியை மறைத்தாள். "மந்திரிச்ச ரொட்டி கரைஞ்ச தண்ணி இது. கீழே கொட்டினா தேவ துரோகம்!"

"அடி பாவி, உன் பக்தியில இடி விழ!" என்று நான் ஜன்னலைத் திறந்தேன், இரண்டு பேரைத் தோளைப் பிடித்து இழுத்தேன். யார் காதில் விழுந்தது? டம்ளரும் சீசாவுமாக வந்து, நோய்க்கு மருந்தென்று அந்தத் தண்ணீரையும் மொண்டார்கள். பவுல்சாமி முட்டி மோதிக் குடத்தோடு போய்ச் சேர்ந்தபோது வெள்ளை வயிறுகள் மிதந்துகொண்டிருந்தன. செத்ததையும் விடவில்லை, கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு போனார்கள். தூ! ஃப்ளோராவின் சத்தம் எப்போது நின்றதென்று ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரமே பவுல்சாமி அதே குளத்திலிருந்து புது மீன் கொண்டுவந்து விட்டார். தலையணையை உயர்த்தி, மனைவியின் முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தார். ஃப்ளோரா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுநாளும் மூடிக்கொண்டாள். அவர் தினமும் திருப்பி வைத்தார், அவள் தினமும் மூடினாள்.

டோரதி டீச்சர் இப்போதும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். கட்டிலருகே நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்:

"புதுமை நடந்த அன்னியிலேர்ந்து இப்படித்தான். கண்ணைத் திறக்கிறதே இல்லை. எந்நேரமும் செபம்!"