வெள்ளையாக விட்ட வயல்

ரத்த அழுத்தத்துக்கு நடக்கச் சொன்னார் மருத்துவர். நடப்பவனுக்கு உட்காரத்தான் ஆசை வரும் என்பது அவர் படிப்பில் இல்லை போலும். பூதப்பாண்டிக்கு அப்பால் ஒரு குளத்தங்கரையில், ஆலமர வேரில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பவனை ஊர் ஒருமாதிரியாகப் பார்க்கும். கையில் ஏதாவது இருக்கவேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் நான் ஓவியனானது இப்படித்தான்.

ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைச் சுற்றப் புறப்பட்ட காற்று, போகிற வழியில் என் தாளையும் சுற்றிப் பார்த்தது. துணி காயப்போடும் கிளிப்புகளைக் கொண்டு அதை அட்டையோடு கவ்வவைத்தேன். எதிரே குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் வயல், வயலுக்குப் பின்னால் மலை. மல்லாந்து உறங்கும் பெண்ணைப் போன்ற மலை. நெற்றி, மூக்கு என்று ஊரில் எல்லாரும் விரல்நீட்டிக் காட்டுவார்கள். என் தாளில் அவள் உறங்கவில்லை, வழுக்கி விழுந்து கிடந்தாள்.

ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏதோ நடக்கிறது. மேகத்தின் நிழல் மலைமேல் ஊர்ந்து இறங்கும். வயலைத் தடவி, குளத்தில் தாமரை இலைகளைக் கடந்து, என் முழங்காலில் ஏறிப் போய்விடும். அதன்பின் வரைகிறேனா உறங்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

வயலில்தான் சிக்கல். முதல் போகமான கன்னிப்பூ நெல் கதிர் தள்ளி நின்றது. காற்றடித்தால் பட்டுச்சேலையை உதறியதுபோல மொத்த வயலும் நிறம் மாறும். என் பென்சிலுக்கு அது பிடிபடவில்லை. தெரியாததை விட்டுவிடுவது உயர்ந்த கலை என்று நிறையப் படித்திருந்தேன். எனவே குளத்துக்கும் மலைக்கும் நடுவே, தாளின் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை வெள்ளையாக விட்டேன்.

"சாரே, ரோடு இதுவழியாத்தான் போவுதா?"

புல்லுக்கட்டோடு ஒரு பெண் பின்னால் நின்றாள். என் வயதிருக்கும். பார்வை அந்த வெள்ளைப் பட்டையிலேயே இருந்தது.

"எந்த ரோடு?"

"நாலுவழி ரோடு. இந்தா, நீளமா, நேரா வரைஞ்சு வச்சிருக்கியளே. அது எனக்க வயலாக்கும்."

நான் அதிகாரி இல்லை, சும்மா படம் வரைகிறேன் என்றேன்.

"அவனும் அப்பிடித்தான் சொன்னான். எனக்க தம்பிக்க வயலுக்குக் கிட்ட ஒருத்தன் இதே மாதிரி ஒக்காந்தான். சும்மா பாக்கேன்னான். பொறவு ரோட்டுக்கு அளந்து கல்லு நட்டாச்சு. இப்பம் அங்க லாரியில்லா ஓடுது."

"யக்கா, சத்தியமா எனக்கு வயல் வரையத் தெரியாது. அதான் விட்டுட்டேன்."

அரசாங்கத் தரப்பிலிருந்து இவ்வளவு மோசமான சாக்கை அவள் கேட்டிருக்கமாட்டாள். புல்லுக்கட்டை இறக்கிவைத்தாள்.

"தெரியாதவரு என்னத்துக்கு அட்டையும் பென்சிலுமா வந்தீரு? நெல்லை நடும். இதும் போச்சுன்னா எனக்கு வேற மண்ணு கெடையாது. இந்த வெள்ளையைக் கண்டுட்டு நான் போயி எப்பிடி ஒறங்குவேன்?"

சிரிப்பு தொண்டைவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

மறுநாளிலிருந்து என் நடை அவள் வயல் வரப்பில். மருத்துவர் மகிழ்ந்திருப்பார். நெல் பச்சை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அடித்தூரில் தண்ணீரின் கறுப்பு, நடுவில் ஒரு சாம்பல், கதிரில் மங்கலான பொன். காற்று வயலுக்குள் இறங்கும் இடம், சோம்பி நிற்கும் இடம், மடைவாயில் தண்ணீர் தனக்குள் ஏதோ பேசிக்கொள்ளும் இடம் எல்லாம் மெல்ல மெல்லக் கண்ணுக்கு வந்தன. வீட்டில் கண்ணை மூடினாலும் வயல் அசைந்தது. கோடு கோடாக நட்டேன். நாற்று நட்டவர்களின் இடுப்புவலி எனக்கு மணிக்கட்டில் வந்தது.

சாயங்காலம் அவள் வந்து சரிபார்ப்பாள்.

"மேக்கு மூலையில தென்னை நிக்கே, அதெங்க?"

போட்டேன்.

"கொக்கு எதுக்கு? அது நெனச்சா பறந்துரும். அந்த எடத்துல நெல்லு போடும்."

கொக்கை அழித்தேன். இதற்குள் 'சாரே' தேய்ந்து 'அண்ணாச்சி' ஆகியிருந்தது. என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த ஒரே பதவியிறக்கம் அதுதான்.

கடைசியில் படம் மூச்சுமுட்டி நின்றது. கலை தெரிந்தவர்கள் பார்த்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். அவள் அட்டையை வாங்கி, குளத்திலிருந்து மலைவரை விரலால் வரப்பு வரப்பாக நடந்தாள்.

"ம். இனி எவனும் எறங்க எடமில்ல." விரல் மலையைத் தாண்டியது. "மேல வெள்ளையாக் கெடக்கே?"

"அது வானம். மேகம் வரைய வரல."

கொஞ்சம் யோசித்தாள்.

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. அங்க நமக்கு வயலு ஒண்ணுமில்லல்லா."

புல்லுக்கட்டைத் தூக்கிவிட்டேன். வரப்பில், இடுப்புவரை கதிரில் மூழ்கிப் போனாள். காற்று வயலைப் புரட்டிவிட்டு அவளுக்கு முன்னால் ஓடியது. வீடு திரும்புமுன் நானும் வரப்போரம் முழுக்க ஒருமுறை நடந்து பார்த்தேன். கல் எதுவும் நட்டிருக்கவில்லை.