பச்சைப் பக்கம், வெந்த பக்கம்

அப்பா எதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். மடித்து வைத்த சட்டை, மேசைமேல் இருக்கும் தட்டு, நான் கழற்றிப் போட்ட கைக்கடிகாரம் என்று எதுவாக இருந்தாலும் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுப்பார். "நாற்காலிக்குக் காய்ச்சல் இல்ல, உக்காருங்க" என்று அம்மா கிண்டல் செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே உட்காருவார். கை மட்டும் நாற்காலியின் பிடியில் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் அவருக்கு வேலை. ஆபரேஷனுக்கான கத்தி, கத்தரிக்கோல், இடுக்கிகள் கழுவப்பட்டு அங்கே வரும். அவற்றை ஒழுங்காக அடுக்கி, இரண்டு துணிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, டேப் ஒட்டி, நீராவி மெஷினுக்குள் தள்ள வேண்டும். தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. மெஷினுக்குப் போகாத பொட்டலங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், போய் வந்தவை அந்தப் பக்கம். அங்கே வேலை செய்கிறவர்கள் அதைப் பச்சைப் பக்கம், வெந்த பக்கம் என்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களிடம், "சமைக்கத் தெரியுமா? தெரியாதுன்னா இங்க கத்துக்கலாம்" என்று சொல்லிச் சிரிப்பார்களாம்.

அப்பாவை அங்கே 'பாஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு பொட்டலத்தையும் மடித்து முடித்ததும் அதன்மேல் கையை வைத்து அவர் ஏதோ முணுமுணுப்பதுதான் காரணம். ஒருநாள் அவருடைய மதியச் சாப்பாட்டைக் கொண்டு போயிருந்தபோது நானே பார்த்தேன்.

"பாஸ்டரே, ஜெபம் ஆச்சா? மெஷின் கொதிச்சுக்கிட்டு நிக்குது" என்றார் உடன் வேலை செய்யும் அக்கா.

"இரும்மா, ஆமென் சொல்லல இன்னும்."

"இந்த வேகத்துல போனா நோயாளி தானாவே குணமாயி வீட்டுக்குப் போயிடுவாரு."

"போகட்டுமே. அதுக்குத்தானே கேக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும். என்னதான் ஜெபிக்கிறார் என்று வீட்டில் கேட்டேன். "ஆண்டவரே, இது யாருக்குன்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவ்வளவுதான்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாலிபர் கூட்டங்களில் 'ஆண்டவர் உனக்குத் தந்த அழைப்பு என்ன' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு விடை தெரியாது. ஆனால் அப்பாவைப் பார்க்கும்போது, விடை இங்கே, நம் வீட்டிலேயே, நீலச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை கூட்டத்தில் எழுந்து அப்படியே சாட்சியும் சொன்னேன். கைதட்டினார்கள். அன்று அப்பாவும் வந்திருந்தார். கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அடக்கத்தால் குனிகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வரும் அவர் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுப்பதில்லை. வரிசை முன்னால் நகரும்போது முழங்காலை ஒதுக்கி எங்களுக்கு வழி விடுவார், தான் எழ மாட்டார். அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

எனக்குப் பட்டம் கிடைத்த அன்று சான்றிதழின்மேலும் உள்ளங்கையை வைத்தார். பிறகு, அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில், சொன்னார்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு மதியம் அடித்தளத்துக்கு ஓர் ஆள் வழி தவறி வந்தார், கையில் பிளாஸ்க். "என் சம்சாரத்துக்குச் சாயங்காலம் ஆபரேஷன். கேன்டீன் எந்தப் பக்கம்?" பயத்தில் நாக்கு குழறியதாம். பாவமாக இருக்கவே அப்பா வேலையை அப்படியே விட்டுவிட்டு அவரை லிஃப்ட் வரை கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் அந்தச் சாயங்கால ஆபரேஷனுக்கு ஒரு செட் அவசரமாகக் கேட்டார்கள். மஞ்சள் கோட்டின்மேலேயே ஒரு தள்ளுவண்டி நின்றது. அதிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அனுப்பிவிட்டார்.

மெஷினுக்குள் போய் வந்தால் கறுப்புக் கோடுகள் தெரியும் டேப் ஒன்று உண்டு. அந்த வாரம் அது தீர்ந்துபோய், சாதாரண வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சையா வெந்ததா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. தொட்டால் சூடு சொல்லும்.

"தொட்டேன்தானே பாப்பா, எடுத்தேன்ல? கை பட்டுதுல்ல? சூடா இருந்துச்சா, இல்லையா? அது மட்டும் ஞாபகத்துல இல்ல."

பதினோராம் நாள் அந்த ஆளின் மனைவி உள்ளே புண் சீழ் பிடித்து இறந்துபோனார். சர்க்கரை, வயது என்று டாக்டர்கள் காரணம் சொன்னார்கள். அடித்தளத்தை யாரும் கேட்கவில்லை. மறுநாள் அந்த ஆள் மறுபடி இறங்கி வந்தார், கையில் அதே பிளாஸ்க். "அன்னைக்கு வழி காட்டினீங்க. நன்றி சொல்லாம போக மனசு வரல. அவ போயிட்டா."  அப்பா உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அந்த இடத்தில் இன்றும் ஒரு காலி ஸ்டூல் கிடக்கிறது. அப்பா போட்டது. நான் அதன்மேல் சாப்பாட்டுப் பையை வைக்கப் போனபோது, "அங்க வேணாம்" என்று தடுத்தது நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு முறை ஓடும்போதும் எத்தனை மணிக்கு எவ்வளவு சூடு என்று மெஷினே ஒரு காகிதச் சுருளில் அச்சடித்துத் தரும். அதைப் பதிவேட்டில் ஒட்டி வைப்பார்கள். அந்த மதியத்துச் சுருளைப் பார்த்தால் தெரிந்துவிடும். மெஷின் அதற்கு முன்பே ஓடி முடிந்திருந்தால் வண்டியில் இருந்தது வெந்தது. இல்லையென்றால் பச்சை.

"பதிவேடு மூணு வாரம் என் தலைக்கு மேல ஷெல்ஃப்ல இருந்துச்சு. நான் திறக்கல. திறந்திருந்தா போய்ச் சொல்லணும். சொன்னா வேலை போகும். நீ அப்ப ஏழாவது." சான்றிதழை மெதுவாக என் பக்கம் தள்ளினார். "அப்புறம் அதை ரெக்கார்டு ரூமுக்குக் கொண்டு போயிட்டாங்க."

கூட்டத்தில் நான் கைதட்டு வாங்கிய சாட்சியை நினைத்துக்கொண்டேன். "அப்ப அந்த ஜெபம்? அது ஊழியமாப்பா, இல்ல தண்டனையா?"

 "தெரியல. ரெண்டுக்கும் துணியை ஒரே மாதிரிதான் மடிக்கணும்."

மூன்று மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ய வேண்டும். என் பட்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜன்னலில்லாத அறை, தூசி, ஸ்கேனரின் பச்சை விளக்கு ஓட்டம். ஸ்கேனரில் வைக்கும் ஒவ்வொரு பக்கத்தின்மேலும் என் உள்ளங்கை தானாகவே போய் அமர்வதை இரண்டாம் வாரம் கவனித்தேன். பிளாஸ்க்கோடு யாரோ கதவருகே நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் அலமாரி.

அந்த வருடத்துப் பதிவேடு நாற்பதாவது நாள் வந்தது. தேதியைக் கண்டுபிடித்தேன். சுருள் ஒட்டியபடி பத்திரமாக இருந்தது. வெறும் வெள்ளை. மை முழுவதும் வெளுத்து, ஓர் எண்கூட மிஞ்சவில்லை. விளக்கில் சாய்த்துப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு ஸ்கேன் செய்தேன். வெள்ளையை வெள்ளையாகவே அது பதிவு செய்துகொண்டது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "அந்த வருஷத்துது வந்துச்சா?"

அவர் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை. வாய் முந்திக்கொண்டது. "வந்துச்சுப்பா. பாத்தேன். ரெண்டு மணிக்கே மெஷின் ஓடி முடிஞ்சிருக்கு. வெந்ததுதான்."

பஸ் ஒன்று வந்து போனது, நாங்கள் ஏறவில்லை.

"எழுத்து நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அந்தக் காகிதம் ரெண்டு வருஷத்துல வெளுத்துடும் பாப்பா. இருபது வருஷமா நான்தானே ஒட்டுறேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "தெரிஞ்சும் எதுக்குக் கேட்டீங்க?"

"ஒருவேளை வெளுக்காம இருந்திருந்தா?" என்றார். "உனக்காக நான் ஒரு தடவை சும்மா இருந்துட்டேன். எனக்காக நீ பொய் சொல்ல ஆரம்பிக்காத. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்."

அந்த ஞாயிறு வரிசை நகரத் தொடங்கியதும் அப்பா முழங்காலை ஒதுக்கினார். அம்மா போனாள். நான் எழவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. கால் வரவில்லை. அவரை முன்னால் அனுப்புவதற்காகச் சொன்ன பொய் என்னைப் பின்னால் உட்கார வைத்துவிட்டது.

"போ" என்றார் மெதுவாக.

"முடியலப்பா."

"சின்னப் பொய்தானே அது. போ."

"சின்னதா பெரிசான்னு யாருப்பா பாக்குறது? நீங்க போங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஒன்பது வருடம் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நானும் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். வரிசையின் கடைசி ஆளும் எங்களைத் தாண்டிப் போனார். அப்பா எழுந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வா. சுத்தமாயிட்டு வர்றவங்க மட்டும்னா அங்க ஒருத்தரும் நிக்க முடியாது. நம்மளைப் பச்சையாவே கொண்டு போய் நிறுத்துவோம். வேக வைக்கிறது ஆண்டவரு வேலை."



பீடத்தின் முன் முழங்கால் போட்டோம். என் கையை விட்டுவிட்டு அவர் கொஞ்சம் தள்ளிப் போய் மண்டியிட்டார். எங்கள் நடுவே, அடித்தளத்துக் காலி ஸ்டூல்போல, ஓர் ஆள் அளவுக்கு இடம். நெருங்கி வருவாரென்று காத்திருந்தேன், வரவில்லை. அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே வந்த போதகர் எனக்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்துக்கு நேராக ஒரு கணம் நின்றார். பிறகு அதைக் கடந்து, நீட்டியிருந்த அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அப்பா உடனே வாயில் போடவில்லை. விரல்களை மூடி, அது சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல், கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.