மாமாவின் முதுகில் என் கால்

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். கழுத்துவலி, முதுகுவலி, கைரோபிராக்டிக் என்று வாசலில் போர்டு. முகம் வைப்பதற்கென்றே ஓட்டை போட்ட கட்டில். அதன் வழியாகப் பார்த்தால் டைல்ஸ் தரையும் ஒரு ஜோடி ஷூவும்தான் தெரியும். ஷூவுக்குச் சொந்தக்காரன் என் மகன் வயதுப் பையன். "மூச்சை விடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் ஓர் அழுத்து அழுத்தினான். பொரியை மென்ற மாதிரி உள்ளே சத்தம் கேட்டது. "வலிக்குதாம்மா?" என்றான். "வலியில்லப்பா, வெக்கமா இருக்குது" என்றேன். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்தான். என்னுடைய வெட்கம் வேறு கணக்கு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த அறையில் தைல வாசனை. என் மாமனாரின் காக்கிச் சட்டையில் டீசலோடு கலந்து வருமே, அதே வாசனை. கண்டமங்கலத்துக்கு நான் மருமகளாகப் போனபோது அவர் விழுப்புரம் – பாண்டி லைனில் தனியார் பஸ் டிரைவர். நல்ல உயரம். அதிகம் பேசமாட்டார். அவர் நடுவீட்டுக்கு வந்தால் நான் எழுந்து நின்றுகொள்வேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை, என் வளர்ப்பு அப்படி.

அவர் கதைக்குப் போவதற்கு முன்னால் நான் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் பிறந்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் தலை முதலில் வரும், எனக்குக் கால். எங்கள் பக்கம் இதைக் கால் பிறப்பு என்பார்கள். சுளுக்கோ இடுப்புப் பிடிப்போ வந்தால் கால் பிறப்புக்காரர் மூன்று முறை மிதித்தால் விட்டுவிடும் என்று நம்பிக்கை. ஆகவே சின்ன வயதில் நான் தெருக்குழாய் மாதிரி. பால்காரர், டெய்லர், கணக்கு சார் என்று யார் வேண்டுமானாலும் வந்து படுப்பார்கள். கணக்கு சாரைக் கொஞ்சம் பலமாகவே மிதித்தேன். பெரியவர்களை மிதித்துவிட்டு மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை உருண்டையும் வாங்கித் தின்கிற வாழ்வு யாருக்குக் கிடைக்கும்? வயசுக்கு வந்ததும் அம்மா அதை நிறுத்தினாள். கல்யாணம் நிச்சயமானபோது, "அங்க போயி வாயத் தொறக்காத. ஒதைக்கிற பொண்ணுன்னு பேரு வெச்சிடுவாங்க" என்று எச்சரித்து அனுப்பினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் தம்பி திறந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். நிமிர முடியவில்லை. மறுநாள் வண்டி எடுத்தாக வேண்டும். வயசாகிவிட்டது என்று சொல்லி ஓனர் ஏற்கெனவே ஒரு இளவட்டத்தைப் பார்த்து வைத்திருந்தார். வீடே கவலையில் இருக்க, விருந்துக்கு வந்திருந்த தம்பி எலும்பைக் கடித்துக்கொண்டே, "இதுக்கு ஏங்க பேஜாரு? அக்காவே கால் பொறப்புதான். திண்டிவனத்துல பாதிப் பேரு இடுப்ப அதுதான் மிதிச்சிக்கினு இருந்துது" என்றான். அவனை அங்கேயே மிதித்திருக்க வேண்டும்.

"ஏம்மா, இத்தினி நாளா சொல்லவேயில்ல?" என்று அத்தை பாயை விரித்துவிட்டாள். மாமா சுவரைப் பிடித்து மெதுவாகக் குப்புறப் படுத்தார். நான் போய் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். யார்மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறினது. ஒரு மிதி மிதித்தேன். கை தானாகப் போய் அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. போதாதென்று சிலுவையும் போட்டுக்கொண்டேன். இரண்டாவது மிதிக்கும் அதே. பாய்க்குள்ளிருந்து மாமா, "என்னம்மா, மிதிச்சி மிதிச்சி கும்பிடுற? நான் இன்னும் சாவலம்மா" என்றார்.

வீடே சிரித்தது. என் வீட்டுக்காரர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். மூன்றாவது மிதியை எப்படி முடித்தேன் என்று தெரியாது. அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன். மறுநாள் மாமா வண்டி எடுத்தார். மிதியால் போனதோ, சிரித்ததில் போனதோ, பிடிப்பு போய்விட்டது.

எனக்குத்தான் பிடித்துக்கொண்டது. என் பாதங்கள் திடீரென்று முறம் அளவுக்குப் பெரிதானது போலிருந்தது. மாமா எதிரில் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொள்வேன். காபியை அத்தையிடம் கொடுத்தனுப்புவேன். குழாயடியில் "மாமனார ஒதச்ச மருமவ" என்று கேலி வேறு.

சில மாதங்களில் அவருக்கு மறுபடி பிடித்துக்கொண்டது. செருப்புப் போடச் சுவரைப் பிடித்தார். சட்டைக்குள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. மருமகள் கால் பட்டதை அவமானமாக நினைக்கிறார், அதுதான் கேட்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அத்தை ஒருமுறை என் பேரை எடுத்தபோது கையை ஆட்டி அடக்கிவிட்டார்.

ஒருநாள் காலையிலேயே சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பி வந்தார். டிரைவர் சீட்டிலிருந்து இறங்க அவர் படுகிற பாட்டை ஓனர் பார்த்துவிட்டாராம். சாவியை வாங்கி அந்த இளவட்டத்திடம் கொடுத்துவிட்டார்கள். அத்தை கடைக்குப் போயிருந்தாள். எங்கிருந்தோ தைரியம் வந்து, "மாமா, மிதிக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா" என்றார். "அன்னிக்கி உன் காலு என் முதுவுல நடுங்கிக்கினே இருந்துது. அப்பாலயும் நீ என் மூஞ்சியப் பாக்கல. சீட்டு போனா போவுது. வாழ வந்த பொண்ணு என் எதிர்ல ஏன் கூனிக் குறுவிக்கினு நிக்கணும்?"

அவமானம் அவருக்கில்லை என்று அப்போதுதான் புரிந்தது. என் வெட்கத்துக்காக அவர் வலியைச் சுமந்திருக்கிறார். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. பஸ் போகும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். ஹார்னைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

மாமா போய்ப் பல வருஷமாகிறது. அந்த பஸ்ஸும் இப்போது ஓடுவதில்லை. போன வருஷம் என் மகளுக்குப் பிரசவம். ஸ்கேனில் குழந்தையின் கால் முன்னால் இருந்தது. டாக்டர் யோசிக்கவேயில்லை, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார். நல்லதுதான், தாயும் பிள்ளையும் நலம். ஆனால் எங்கள் பக்கம் இனி யாரும் கால் பிறப்பாகப் பிறக்கப்போவதில்லை. மாமனார் எதிரில் எழுந்து நிற்கிற மருமகளும் இல்லை, அதற்கு நான் வருத்தப்படவில்லை. எழுந்து நின்ற நேரத்தில் ஒரு நாள், "மிதிக்கட்டுங்களா" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சீக்கிரம் கேட்டிருக்கலாம்.